பல்லில் எழுதிய தண்ணீர்க் கணக்கு

நாமக்கல் பக்கம் பெரியம்மா ஊருக்குப் போனால், பெரியம்மா பையன் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். பல் முழுக்கப் பழுப்புக் கறை. "ஒழுங்கா பல்லு வெளக்குனாத்தானே!" என்று வீட்டில் எல்லோரும் திட்டுவோம். நானும் திட்டியிருக்கிறேன். தப்பு அவனிடம் இல்லை, அவன் குடித்த போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடில் என்பது கல்லூரியில் வேதியியல் படிக்க வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததில் கிடைத்தது இந்தக் கட்டுரை.

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலருக்கும் பழுப்புப் பல். நாளடைவில் அவருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அன்றைய சோதனைகளில் ஒன்றும் சிக்கவில்லை. விடை கிடைக்க முப்பது வருடம் ஆனது. 1931-ல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், இதே கறை இருந்த பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃப்ளோரைடு!

நம் பக்கம் இதை முதலில் கவனித்தவர்கள் விவசாயிகள். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நின்றன. மனிதர்களுக்கும் அதே நோய் என்பதை 1937-ல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்தவர்.

சரி, நம் ஊர்த் தண்ணீரில் இது எப்படி வந்தது? எந்த ஆலையும் கொட்டவில்லை. சேலம், நாமக்கல், தர்மபுரி எல்லாம் கடினப் பாறை பூமி. பாறையில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. கிணறு வற்றியதும் போர் போட்டோம். ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் பல இடங்களில் இது கூடுதல். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிர்கோனியம் அலிசரின் என்ற இளஞ்சிவப்புக் கரைசலைத் தண்ணீரில் விட்டால், ஃப்ளோரைடு கூடக்கூட நிறம் மஞ்சளாக மாறும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல், மிக அதிகமானால் பல வருடங்களில் எலும்பு.

காய்ச்சினால் போகாது நண்பர்களே! தண்ணீர் ஆவியாக, ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் 'நல்கொண்டா முறை'யை 1970களில் நாக்பூர் நீரி நிறுவனம் உருவாக்கியது. ஆனால் அளவு பார்த்துக் கலக்க ஆள் வேண்டும், கசடையும் அகற்ற வேண்டும். அதைவிட நல்ல வழி தண்ணீரையே மாற்றுவது. 1965 வரை சேலத்தோடு இருந்த தர்மபுரிப் பகுதிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் உருவாகி 2013-ல் தொடங்கியது.

போன லீவில் கல்லூரி லேபிலிருந்து சோதனைக் கிட் வாங்கிப் போனேன். பெரியம்மா வீட்டு போர் தண்ணீர் மஞ்சளானது. தம்பி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பல்லில் விழுந்த கறை தானாகப் போகாது. ஆனால் அவன் அக்கா குழந்தைக்கு இன்னும் பால் பல்தான். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயது. இப்போது அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் துவைக்க மட்டும்.

உங்கள் வீட்டு போர் தண்ணீரை எப்போது சோதித்தீர்கள்?