கணக்கப்பிள்ளைக்கு மேலே இருந்த வாசல்

அப்புத்தளைப் பசாரிலிருந்து தம்பேத்தன்னைக்குப் போகும் பாதையில் இப்போதெல்லாம் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிய முச்சக்கர வண்டிகளே அதிகம். லிப்டன் துரை உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மேட்டைக் காண அவர்கள் போகிறார்கள். மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். லிப்டன் அந்த மேட்டுக்கு எந்தப் படிகளில் ஏறி வந்தார் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவரோ, நானறியேன். ஆனால் இந்த மண்ணில் பிறந்த நாம் அறிந்திருக்க வேண்டும்.

தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடைப் பையனாக வேலைக்குப் போனவர். பதின்ம வயதில் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்று, வேர்ஜீனியாவில் ஒரு புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். பின்னர் தென் கரோலினாவில் நெல் விளையும் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதினார். எங்கள் பாஷையில் சொன்னால் தோட்டத் தொழிலாளியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் இருந்தவர். ஊர் திரும்பி 1871ல் முதற் கடையைத் திறந்தார். இலங்கையில் கோப்பி நோயால் அழிந்து காணிகள் மலிந்திருந்த காலத்தில், 1890ல், இங்கு வந்து தம்பேத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவ்வருடமே கட்டப்பட்ட ஸ்டோர் இன்றும் அங்கே நிற்கிறது. 1898ல் பிரித்தானிய மகாராணியார் அவருக்குச் ‘சேர்’ பட்டம் வழங்கினார்.

ஒரு மனிதனின் உயர்வு என்ற வகையில் இது வியக்கத்தக்கதே. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு கேள்வி எழுகிறது. அதே தம்பேத்தன்னையில் அவரிடம் கணக்கெழுதிய கணக்கப்பிள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்க முடியும்?

தோட்டத்துப் பதவிகளின் ஒழுங்கு மலையகத்தவர் எல்லோருக்கும் மனப்பாடம். அடியிலே தொழிலாளி. அவனுக்கு மேலே சில்லறைக் கங்காணி, பின் பெரிய கங்காணி. அடுத்து கணக்கப்பிள்ளை, கண்டாக்கையா, கிளாக்கர், டீமேக்கர் என்ற உத்தியோகத்தர் வரிசை. அதற்கும் மேலே சின்னத்துரை, பெரியதுரை. பார்வைக்கு இது ஒரே ஏணி. உண்மையில் இவை மூன்று தனித்தனி ஏணிகள். ஒன்றின் உச்சியில் நிற்பவனுக்கு அடுத்ததன் அடிப்படி எட்டாது. கங்காணியாக ஆள்கட்டும் உறவும் வேண்டும். உத்தியோகத்தராக எழுத்தும் ஆங்கிலமும் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும் பறங்கியரும் அந்த இடங்களில் பலராக இருந்தனர். சின்னத்துரைக்கோ வாசலே வேறு. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் பெரியதுரைக்குப் பணம் கட்டி, பங்களாவில் தங்கி, தொழில் பழகுவான். அவனைக் ‘கிரீப்பர்’ என்பார்கள். முப்பது வருடம் மலையேறி இறங்கி, எந்த மலையில் எத்தனை செடி என்று சொல்லக்கூடிய கண்டாக்கையா, நேற்று வந்த அந்தப் பையனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பார். மறு வருடம் அவனுக்கே தொப்பியைக் கழற்றி நிற்பார்.

ஏறக்கூடியதாயிருந்த ஒரே பாதை கங்காணியினுடையது. தன் ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி முற்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவன் அவன். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாளுக்கு இத்தனை சதம் என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடன் அவன் கையிலிருந்தது. அந்தக் கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் சுமந்த ‘துண்டு’ முறை 1921ல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆகவே கங்காணி ஏறிய படிகள் மரத்தாலானவை அல்ல. மற்றவர் தோள்களே படிகள். அந்தச் செல்வத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. தொழிலாளியாக வந்து கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர் கருப்பையா. அவருடைய மகன் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947ல் நுவரெலியா உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார், 1978ல் அமைச்சரானார். தோட்டத்தை வாங்க முடிந்தது, மந்திரியாக முடிந்தது. சம்பளத்துக்கு நடத்தும் துரையாக மட்டும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு நெடுங்காலம் முடியவில்லை.

ஊவாவின் சரித்திரத்தில் இன்னொரு விதமான உயர்வும் உண்டு. அதை நாம் போதியளவு பேசுவதில்லை. 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. சமசமாஜக் கட்சியினர் துணை நின்றனர். தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தே கருமமாற்றுவதாகத் துரை உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துக்கொண்டார்களாம். அது நீடிக்கவில்லை. ஆனால் பெரட்டுக்களத்தில் கைகட்டி நின்றவர்கள் துரையோடு மேசைக்கு உட்கார்ந்தது கங்காணியின் தயவாலும் அல்ல, படிப்பாலும் அல்ல.

இதன் பின் எட்டே வருடத்தில் வந்தது 1948ஆம் வருடப் பிரஜாவுரிமைச் சட்டம். பிரஜை அல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. தோட்டத்துக்குள் ஏணி இல்லை, வெளியே இருந்ததும் எடுக்கப்பட்டது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரைப் பற்றி 1974ல்தான் பேசினார்கள். நாடற்றவர் பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடேயே தீர்ந்தது. அதுவரை எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தின் முதற் கேள்வியிலேயே நின்றுபோயிருப்பார்கள்!

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரை போய்க் கறுப்புத்துரை வந்தார் என்று வயோதிபர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளில் விளையாட்டில் பெயரெடுத்தவர்கள் சின்னத்துரைகளானார்கள். 1992ல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போனது. வாசலின் நிறம் மாறியதே தவிர அகலவில்லை என்பது என் கணிப்பு.

அகன்ற வாசல் பாடசாலையே. 1907ஆம் வருடச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கச் சொன்னபோதும், பெரும்பாலான இடங்களில் ஒரு கொட்டிலும் ஓர் ஆசிரியரும்தான். 1945ல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. எழுபதுகளின் பிற்பகுதியிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. எண்பதுகளில் லயத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரிய நியமனம் பெற்றனர். பயிற்சிக் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் படுத்தவர்களிலும் அப்படிப்பட்டவர் இருந்தனர். எங்கள் வாப்பா பசாரில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அவர்களின் தகப்பன்மார் அந்தக் கடையில் கொப்பிக்குச் சாமான் எடுத்தவர்கள். 1994ல் இலங்கை ஆசிரியர் சேவை உருவானபோது எங்கள் எல்லோருக்கும் தரம் தரமாக எழுதிவைத்த ஒரே படிவரிசை கிடைத்தது. அவர்களில் சிலர் இன்று அதிபர்கள். நான் இன்னும் சோதனைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தக் கதை முழுவதும் ஆண்களின் கதை. மலையில் கொழுந்தெடுப்பவர் பெண்கள். அவர்கள் மேல் நிற்கும் கங்காணி, நிறுக்கும் கணக்கப்பிள்ளை, சங்கத் தலைவர் என்று அநேகமாக எல்லோரும் ஆண்கள். கொழுந்துக்காரிக்கு அடுத்த படி என்று ஒன்று இருந்ததேயில்லை.

சென்ற வருடம் என் மாணவி ஒருத்தி சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் உதவியாளாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தகப்பன் என்னிடம் வந்தார். “வீட்டுக்குப் பக்கத்துல வேல சேர். பொம்பளப் புள்ளைக்கு இது போதாதா?” என்றார். நான் அவரிடம் லிப்டன் கதையையும் கண்டாக்கையா கதையையும் சொன்னேன். மடுவத்தில் உதவியாளுக்கு அடுத்த பதவி எது என்று தோட்டத்தில் கேட்டு வாருங்கள் என்றேன். அவர் யோசித்தார். கூட வந்த தாய் அதுவரை வாசற்படியில் நின்றவர், உள்ளே வராமலே சொன்னார்: “என் அம்மா கொழுந்தயும் ஒரு ஆம்பளதான் நிறுத்தாரு, என் கொழுந்தயும் ஒரு ஆம்பளதான் நிறுக்கிறாரு. இவ படிக்கட்டும் சேர்.”

பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கக் காலை பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய்வருகிறாள்.