ஓலைக் கொட்டான் வந்த வழி



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கொடுக்கல் வாங்கல் காலம் தொடங்கிவிடுகிறது. நவராத்திரிக்குக் கொலுப் பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலம், தீபாவளிக்குப் பலகாரம், தலைதீபாவளி மாப்பிள்ளைக்குச் சீர், திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை, அப்புறம் கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை மாதம் வரைக்கும் கை ஓயாது. எதையும் வெறுமனே அள்ளிக் கொடுத்துவிட முடியாது. ஏதாவது ஒன்றில் வைத்துத்தான் கொடுக்கணும். அந்த ஏதாவது ஒன்று இன்றைக்கு அட்டைப் பெட்டி, இல்லையென்றால் பிளாஸ்டிக் டப்பா. பனை நிற்கிற மாவட்டங்களில் நம் பாட்டிமார் காலத்தில் அது ஓலைக் கொட்டானாக இருந்தது. அந்தக் கொட்டானின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

விவசாய அதிகாரிக்குக் கொட்டான் முடைகிற கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கொட்டானுக்கு வேண்டிய சரக்கு உங்கள் வரப்பில் விளைகிறது. அதனால் இது விவசாயக் கதைதான்.

ஓலை என்ற சொல்லையே பாருங்கள். மரத்தில் இருப்பதும் ஓலை, ஒருவருக்கு எழுதி அனுப்பும் கடிதமும் ஓலை. காகிதம் பரவுவதற்கு முன்னால் கணக்கு, சாதகம், வைத்தியம், இலக்கியம் எல்லாம் இந்த ஓலையில்தான் எழுத்தாணியால் கீறப்பட்டன. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்த பிறகும்கூட, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நம் ஊர்களில் ஓலையில் எழுதுவது நிற்கவில்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்த் தேடிய சுவடிகளெல்லாம் இந்த ஓலைதான். எழுதுகிற ஓலையை நாம் மறக்கவில்லை. அதற்கு நூலகம் கட்டி வைத்திருக்கிறோம். பெண்கள் முடைந்த ஓலைக்கு நூலகம் ஏது? கொட்டான் கிழிந்தால் அடுப்புக்குப் போகும், அடுத்த வருஷம் புதுசு வரும். அதனால்தான் அதன் வரலாற்றை எழுத்தில் தேடினால் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது.

கிடைப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். பனையின் பயன்களைப் பாடுகிற 'தால விலாசம்' என்று ஒரு தமிழ்ச் செய்யுள் நூல் உண்டு. பனைக்கு 801 பயன் என்பது அதன் கணக்கு. 1850இல் பெர்குசன் என்ற வெள்ளைக்காரர் யாழ்ப்பாணத்துப் பனையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் இந்தத் தமிழ்க் கணக்கை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 801 என்பது புலவர் வாக்கு, கூடக்குறைய இருக்கும். ஆனால் பாதியாவது ஓலை, மட்டை, நார் சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பாய், சுளகு, கடகப் பெட்டி, விசிறி, பதநீர் குடிக்கிற பட்டை, குழந்தைக்குக் கிலுகிலுப்பை, ஓலைக் காற்றாடி... நீங்களே எண்ணிக்கொண்டு போகலாம்.

இந்தச் சாமான்களுக்கும் பனையேற்றத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

கொட்டானுக்கு விரிந்த பச்சை ஓலை உதவாது. இன்னும் விரியாமல் விசிறி மடித்தது போல நிற்கிற குருத்தோலை வேண்டும். அதை வெட்டி, வெயிலில் சில நாள் காயப் போட்டால் பச்சை மாறி வெண்மஞ்சள் நிறமாகிவிடும். பிறகு ஈர்க்கை உரித்து, கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டிய பங்குக்குக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் நிறம் ஏற்றி, முடையும்போது லேசாக ஈரம் காட்டி முடைய வேண்டும். ஈரம் போதாவிட்டால் ஓலை ஒடியும். மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போது காலத்தைக் கணக்குப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஓலை காயாது, மரமும் வழுக்கும். ஆகவே நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் கொடுக்கிற கொட்டானுக்கு ஓலை சித்திரை வெயிலிலிருந்து ஆடிக்காற்றுக்குள் காய்ந்து கட்டாகக் கட்டி மச்சில் ஏறியிருக்க வேண்டும். அந்த மாதங்கள்தான் பதநீர்ப் பருவமும். பருவம் தொடங்கும் முன் பனையேறி மரத்தில் ஏறிப் பழைய மட்டைகளைக் கழித்து, பாளைக்கு இடம் செய்வார். பிறகு தினமும் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குவார். வீட்டுப் பெண்கள் கேட்டால் ஒரு குருத்தை வெட்டிப் போடுவார். அவர் ஏறுவது பதநீருக்காக. ஓலை அதோடு ஒட்டி வந்த இனாம். கருப்பட்டி காய்ச்சுவதும் அந்த வீட்டுப் பெண்கள், அந்தக் கருப்பட்டியை வைக்கக் கொட்டான் முடைவதும் அதே பெண்கள். ஒரு மரம், ஒரு குடும்பம், இரண்டு வருமானம்.

மழைக்காலத்தில் ஏற்றம் நின்றதும் வீட்டில் உட்கார்ந்து முடைகிற வேலை நடக்கும். பண்டிகைகள் வரிசையாக வருவதும் அப்போதுதான். நம் முன்னோர் திட்டம் போட்டு வைத்தார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. பனை போட்ட கணக்குக்கு மனிதர்கள் ஒத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

திருக்கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள், முழுக்க முழுக்கப் பனைப் பண்டிகை. கோயில் வாசலில் பனைமரத்தை நட்டு ஓலை சுற்றிக் கொளுத்துவது சொக்கப்பனை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், ஏலம் சேர்த்துப் பிசைந்து, பச்சைப் பனையோலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பது ஓலைக் கொழுக்கட்டை. ஓலையின் வாசம் மாவில் ஏறும். வேறு எதில் அவித்தாலும் அந்த வாசம் வராது. பிள்ளைகளுக்கு மாவலி. இதைச் செய்யும் முறை மறந்து போகிறது, சொல்லிவிடுகிறேன். ஆண்பனையின் காய்ந்த பூந்தண்டுகளைப் பொறுக்கி, குழியில் போட்டு எரித்து, சாம்பலாகும் முன் மூடிக் கரியாக்க வேண்டும். கரியை நைஸாக இடித்துச் சலித்து, பழைய பருத்தித் துணியில் வைத்துத் திரி போலச் சுருட்டி இறுக்கிக் கட்டணும். பிளந்த பனைமட்டைக்கு நடுவே அதைச் செருகி, மட்டையின் தலையில் நீளமாகக் கயிறு கட்டி, நுனியில் கங்கு வைத்துச் சுழற்றினால் பொறி வட்டமாகப் பூப்பூவாகச் சொரியும். காய்க்காத மரம் என்று ஆண்பனையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். (பதநீர் ஆண்பனையும் தரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) வைக்கோற் போர் பக்கம் மட்டும் சுற்றக் கூடாது, பெரியவர் ஒருவர் கூட நிற்கணும்.

செட்டிநாட்டில் கொட்டானுக்குத் தனி அந்தஸ்து இருந்தது. ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் சாய ஓலையில் முடைந்து, கல்யாணத்திலும் விசேஷங்களிலும் வெற்றிலை, பலகாரம், சீர்ச் சாமான் வைத்துக் கொடுத்தார்கள். பனையேறி வீட்டில் அது வேலைக்கான பாத்திரம், ஆச்சி வீட்டில் அலங்காரப் பொருள். ஓலை ஒன்றுதான்.

வியாபாரமும் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பனை நார் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது, அங்கே தூரிகையும் துடைப்பமும் செய்ய. 1934இல் காந்தியடிகள் முயற்சியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தபோது, அதை நடத்த வந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கரும்புக்கு நஞ்சை நிலமும் பாசனமும் வேண்டும், பனைவெல்லத்துக்கு அது வேண்டாம் என்பது அவர்கள் காலத்துப் பேச்சு. இன்றைக்கும் அது பொய்யாகவில்லை.

பிறகு எப்படி வீழ்ந்தது? பிளாஸ்டிக் வந்ததால் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் தெரிகிறது. 1970களிலும் 80களிலும் பிளாஸ்டிக் வாளியும் நைலான் கயிறும் நைலான் பையும் வந்தது உண்மை. கடகத்துக்கும் நார்க்கயிற்றுக்கும் சந்தை போனது. ஆனால் பதநீர் இறக்கினால் கட்டுப்படியாகும் என்ற நிலை இருந்திருந்தால் பனையேறி மரத்தை விட்டிருக்க மாட்டார். சீனி மலிவாகக் கிடைத்தது, கருப்பட்டிக்கு விலை இல்லை. காய்ச்ச விறகு இல்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அதன் நல்லது கெட்டதை நான் பேசவில்லை. ஏறுகிறவர்களின் வரும்படி குறைந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அறுபது எழுபது அடி உயரத்தில் உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு மகனை அனுப்பத் தகப்பனுக்கு மனசு வரவில்லை. அதைக் குற்றம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போனது. இனாமாக வந்த ஓலையும் நின்றது. பெண்களின் விரல்கள் எதையும் மறக்கவில்லை, முடைய ஓலைதான் வரவில்லை.

1978இல் தமிழ்நாடு பனையை மாநில மரமாக்கியது. அதே வருஷம் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. தமிழ்நாட்டில் பட்டம் கிடைத்தது, அங்கே ஒரு சபை கிடைத்தது. மரத்துக்குச் சபைதான் கூடுதல் உதவி என்பது என் அபிப்பிராயம்.

மீண்டு வந்த கதையும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஓலைப் பொருள்களை முடைந்து வெளியூருக்கு அனுப்பி வந்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் 2000ஆம் ஆண்டையொட்டி, கொட்டான் தெரிந்த சில பெரியவர்களைத் தேடிப் பிடித்துக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. மிட்டாய்க் கடைக்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் ஓலைப் பெட்டியைத் தேடினார்கள். 2021 ஆகஸ்டில் வெளிவந்த தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டம் அறிவித்தார்கள். பனையை வெட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் வந்து ஆயிரம் கொட்டான் வேண்டும் என்று கேட்கிறவருக்கு முடைகிற அம்மா என்ன பதில் சொல்வார்? ஓலை சித்திரையிலேயே காய்ந்திருக்க வேண்டுமே! வாங்குகிறவர்கள் கோடையிலேயே முன்பணத்தோடு சொல்லி வைத்தால் ஓலை தயாராகும். இதை மகளிர் குழுக்கள் வாங்குகிறவரிடம் கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும். விலை போடும்போது முடைகிற கூலியை மட்டும் பார்க்காமல், ஓலை வெட்டுகிறவர் கூலி, காய வைத்து வார்கிற நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். ஓலை இனி இனாம் இல்லை.

ஏற ஆளில்லையே என்றால் வடலி இருக்கிறது. உயரம் எடுக்காத இளம் பனையில் தரையில் நின்றபடியே குருத்து வெட்டலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். வளர்கிற இடமும் ஒரே ஒரு முனைதான். வருகிற குருத்தையெல்லாம் வெட்டினால் மரம் எதைக் கொண்டு சோறு சமைக்கும்? ஒன்றை வெட்டினால் அடுத்து வருகிறவற்றை விரிய விடுங்கள். அடியோடு ஆழமாக வெட்டி முனையைத் தொட்டுவிட்டால் மரம் போய்விடும். பக்கக் கிளை விட்டுப் பிழைக்கிற சாதி இல்லை அது.

பதநீருக்கும் நுங்குக்கும் பன்னிரண்டு பதினைந்து வருஷம் காத்திருக்கணும். பூக்கிற வரைக்கும் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஓலைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, வடலியானாலே போதும். இப்போது பனம்பழம் விழுந்து கொட்டை கிடைக்கிற காலம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரப்போரம், ஏரிக்கரை, வேலியோரம் 10 அடிக்கு ஒன்றாக, அரை அடி ஆழத்தில் கொட்டையை நேராக ஊன்றிவிடுங்கள். முளை முதலில் மண்ணுக்குள்ளே ஆழமாக இறங்கும். அதனால் பிடுங்கி நடுவது சிரமம், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. மிச்சக் கொட்டைகளை மணல் மேட்டில் நெருக்கிப் பதித்து வைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு எடுக்கலாம்.