பட்டப்பகலில் மரநாயா... நீங்க பார்த்தது நீலகிரி மார்ட்டெனா இருக்கலாம்!

மூணாறு பக்கம் போறீங்க. பட்டப்பகல். சோலைக்காட்டு ஓரமா, கறுப்பா நீளமா ஒண்ணு கிடுகிடுன்னு மரத்துல ஏறி மறையுது. கழுத்துலயும் நெஞ்சுலயும் மட்டும் மஞ்சள் பெயின்ட்டைக் கொட்டின மாதிரி நிறம். 'ஏதோ மரநாய்'னு சொல்லிட்டு அடுத்த செல்ஃபிக்குப் போயிடாதீங்க. மரநாய் பெரும்பாலும் ராத்திரி ஆசாமி. நீங்க பார்த்தது நீலகிரி மார்ட்டெனாக இருக்கலாம். வருஷக்கணக்காகக் காட்டைச் சுற்றுகிறவர்களுக்கே அது லேசில் கண்ணில் படுவதில்லை.

பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் இதற்கும் கீரிக்கும் சொந்தமில்லை. நீர்நாய், வீசல் எல்லாம் இருக்கும் குடும்பம் இது. எடை ஏறக்குறைய 2 கிலோ, வால் மட்டுமே ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மார்ட்டென் இதுதான். நெருங்கிய சொந்தக்காரரான மஞ்சள் தொண்டை மார்ட்டெனைப் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்கோ வடகிழக்குக்கோதான் போகணும். அணில், பறவை, ஓணான், பூச்சி என எதையும் விடாது. தேன் என்றால் உயிர். அதனாலேயே சில இடங்களில் தேனீ வளர்ப்பவர்களிடம் அடிபட்டுச் செத்திருக்கிறது, பாவம்.

பேர்தான் நீலகிரி. ஆனால் கர்நாடகத்தின் குதிரேமுக், குடகு மலைகளில் தொடங்கி முக்குறுத்தி, சைலன்ட் வேலி, ஆனைமலை, இரவிகுளம், பெரியாறு வழியாகத் தெற்கே அகத்தியமலை வரை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி உலகில் வேறெங்கும் கிடையாது.

மேப்பில் பார்த்தால் நீளமான கோடு. நிஜத்தில் அது துண்டு துண்டான காடு. நடுவில் தேயிலை, காபி, சீகை, தைல மரத் தோட்டங்கள், ரோடுகள், அணைகள். பாலக்காட்டுக் கணவாய் வேறு சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையையே பிரித்துப் போடுகிறது. பசுமைமாறாக் காட்டையும் சோலையையும் நம்பி வாழும் விலங்குக்கு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போவது சாதாரண விஷயமில்லை. ஒரு துண்டில் அழிந்துவிட்டால், அங்கே திரும்பக் குடியேற ஆள் வருமா என்பதுதான் பயம்.

ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியலில் இது 'வல்னரபிள்', அதாவது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். ஆனால் சட்டம் துப்பாக்கியைத் தடுக்கும், காடு துண்டாவதைத் தடுக்குமா?

எண்ணுவதும் கஷ்டம். புலிக்கு வரி இருக்கு, கேமராவில் விழுந்தால் எந்தப் புலின்னு சொல்லிடலாம். இதுக்கு அந்த வசதி இல்லை, அதுவும் பாதி நேரம் மரத்து மேல! அதனால் இதைப்பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி, யாரோ தற்செயலாகப் பார்த்து எழுதி வைத்ததுதான்.

அந்த 'யாரோ' நீங்களாகவும் இருக்கலாம். மங்கலான போட்டோவாக இருந்தாலும் சரி, மஞ்சள் நெஞ்சு தெரிந்தால் போதும். தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஏற்றுங்கள். துரத்தாதீர்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள். முக்கியமா, மலைப்பாதையில் மெதுவா ஓட்டுங்க. அது ரோட்டைக் கடக்க ரெண்டு செகண்ட் போதும்.