எரிந்துபோன ஆறாம் மாடி

மிசூரியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாய். அவருடைய விடுவிப்புச் சான்றில் போர்க் காலாட்படை பேட்ஜ் பதிவாகியிருந்தது. வெண்கல நட்சத்திரப் பதக்கம் இல்லை. அதுவும் அவருக்கு உரியது என்றேன். சிரித்தார், நம்பவில்லை.

1947-இல் அமெரிக்க ராணுவம் எடுத்த முடிவு அது: அந்தப் போரில் அந்த பேட்ஜ் வாங்கியவருக்கு வெண்கல நட்சத்திரமும் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். வீடு திரும்பியவர்கள் பலர் கேட்கவே இல்லை.

கேட்கப் போனாலும் பேட்ஜ் வாங்கியதைக் காட்டுவதில் ஒரு தடை. 1973 ஜூலை 12-இல் படைவீரர்களின் பணிக்கோப்புகளை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்து, 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. இன்று சம்பளப் பதிவு, படைப்பிரிவின் காலை அறிக்கை என்று மிஞ்சியதைத் தேடித்தான் ஒருவரின் பணிக்காலத்தை மீட்டெழுதுகிறார்கள்.

தாத்தாவுக்குக் கைகொடுத்தது, பாட்டி பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்திய அந்த விடுவிப்புச் சான்று, ஒற்றைத் தாள். நகலை விண்ணப்பத்தோடு இணைத்தேன். அசல் டப்பாவுக்கே திரும்பியது.