உடப்பு: ஒரு கரையூரின் வரலாற்று மரபு

ஓர் ஊரின் பழைமையை ஆராயப் புகுவோர் கோட்டை, கல்வெட்டு முதலியவற்றையே முதற்கண் நாடுவர். புத்தளம் மாவட்டத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பெற்ற ஒல்லாந்தர் கோட்டை இன்றும் நிற்கின்றது. சிலாபத்தை அடுத்த முன்னேச்சரத்தில் ஆறாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு உளது. இவ்விரண்டிற்கும் இடையே, மேற்கே கடலும் கிழக்கே முந்தற் களப்பும் சூழ அமைந்த உடப்பின் வரலாற்றையோ, தொழிலிலும் சடங்கிலும் வாய்மொழியிலுமே பெரிதும் காணவேண்டும்.

இவ்வூரார் தம் முன்னோர் இராமேச்சரப் பகுதியினின்றும் கடல் கடந்து வந்தோர் என்பர். அவர்தம் பழந்தொழில் கரைவலை. தோணியிற் சென்று வலையை வளைத்து விட்டபின், இரு தலைக் கயிற்றையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பர். அனைவர் அடியும் ஒன்றுபடுதற்குப் பாடுவனவே அம்பாப் பாடல்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காற் கடல் கொந்தளிக்கும்; வலை ஓயும். அவ்வோய்விடையே ஆடித் திங்களில் திரௌபதையம்மன் கோயில் விழா நிகழ்கின்றது. 18 நாள் நடந்த பாரதப் போரை நினைவூட்டுமாறு 18 நாள் விழாக் கொண்டு, தீமிதிப்பிலே நிறைவெய்துவர். தொழிலின் பருவமும் வழிபாட்டின் பருவமும் இங்ஙனம் இயைந்தமை கருதத்தக்கது.

நீர்கொழும்பு முதற் சிலாபம் வரையிற் தமிழ் வழங்கிய கரையூர்கள் பல, கடந்த நூற்றாண்டிலே சிங்கள மொழிக்கு மாறின. உடப்பு மாறவில்லை. இதற்குக் காரணம் யாது? கரைவலை அவ்வூர்களுக்கும் உரியதாகலின், தொழில் ஒன்றே மொழியைக் காத்தது எனல் பொருந்தாது. அங்கே பள்ளியின் மொழியும் வழிபாட்டின் மொழியும் மாறின. வீட்டு மொழியும் அவற்றைப் பின்தொடர்ந்தது. உடப்பிலோ கோயிலும் தமிழ்ப் பள்ளியும் நிலைத்தன. மொழியைக் காப்பது பழம்பெருமையன்று, நாள்தோறும் அதனைப் பயிலும் நிலையங்களே என்பது இவ்வொப்பீட்டாற் பெறப்படும்.

இந்நாளிற் பல கரைகளில் மனிதர் இழுத்த கயிற்றை இயந்திரம் இழுக்கின்றது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. மெய்வருத்தம் குறைதல் நன்றே; அதன்பொருட்டு யாரும் வருந்தார். ஆயினும், கோயிலைப்போலப் பாட்டுக்குக் கட்டடம் இல்லை. பாடுவோர் மறைந்தால் அதுவும் மறையும்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஊர்ச் செய்திகளை எழுதிவைத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. கையால் வலை இழுத்த முதியோர் வாழும் இக்காலத்திலேயே, பாடலையும், பாடிய முறையையும், வலையின் உறுப்புப் பெயர்களையும் மாணவர் கேட்டுப் பதிவு செய்வாராக. கல்வெட்டு நூற்றாண்டுகள் காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது.