மேடையோரத்துச் சின்னப் பெட்டி

ஆராதனையில் பேஸ் கிட்டாரின் வயர் போய்ச் சேரும் சின்னப் பெட்டியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அதுதான் டிஐ பாக்ஸ். கிட்டாரின் சிக்னல் மெலிந்தது. நீண்ட வயரில் மங்கும், இரைச்சலும் சேரும். பெட்டி அதன் இம்பீடன்ஸைக் குறைத்து மிக்ஸருக்குத் தெளிவாக அனுப்புகிறது.

1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்தார்கள். 1967-ல் லண்டனில், கென் டவுன்சென்ட் வடிவமைத்த பெட்டியின் வழியாக பால் மெக்கார்ட்னியின் பேஸ் பதிவானது.

1990களில் ஜான் குனிபெர்ட்டி என்ற ஒலிப்பதிவாளர் எதிர்த்திசைக்கும் வழி செய்தார். அவருடைய ரீஆம்ப் கருவி, பதிவான சிக்னலை மறுபடியும் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றதாக மாற்றித் தருகிறது.

இதனால் நமக்கும் நன்மை உண்டு. இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் வீட்டில் வாசித்துப் பதிவு செய்யலாம். பிறகு ஆலயத்தில் ஆம்ப்ளிஃபையரில் ஒலிக்கவிட்டு, பாடலுக்கேற்ற தொனியைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் ரீஆம்ப் தொனியைத்தான் மாற்றும். தாளம் தப்பியிருந்தால், எந்த ஆம்ப்ளிஃபையரில் போட்டாலும் தப்பினதாகவே கேட்கும். ஆகையால் பெட்டியை நம்பிப் பயிற்சியைக் குறைக்காதிருப்போம். கர்த்தருக்கென்று வாசிக்கிறதை முதல் தடவையிலேயே கருத்தாய் வாசிப்போம்.