படத்தில் தெரியாத எஜமானர்: ராய் ஸ்ட்ரைக்கரும் அமெரிக்க மக்கள் தொடர்பு ஒளிப்படமும் (1935–1950)

மக்கள் தொடர்புத் துறையின் தொடக்க காலத்தில் ஒளிப்படத்துக்கு இருந்த வேலை எளிது. பணம் கொடுப்பவரை நல்ல வெளிச்சத்தில் காட்ட வேண்டும். தலைவர் கைகுலுக்குவார், ஆலைப் புகைபோக்கி பின்னணியில் கம்பீரமாக நிற்கும். பணம் கொடுத்தவரைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவருக்காகவே படம் எடுக்கும் முறை 1930களின் அமெரிக்காவில்தான் ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையாக வேரூன்றியது. அதை வளர்த்தெடுத்த ராய் ஸ்ட்ரைக்கர் ஒளிப்படக் கலைஞர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர்.

1935இல் அதிபர் ரூஸ்வெல்ட் மீள்குடியேற்ற நிர்வாகம் என்ற அமைப்பை நிறுவி, ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல்லிடம் ஒப்படைத்தார். நொடித்துப்போன உழவர்களுக்குக் கடன், நிலம் இழந்தவர்களுக்கு முகாம் என்று அரசுப் பணம் செலவானது. இது பொதுவுடைமைக்கு வழிகோலும் வேலை என்று எதிர்ப்பாளர்கள் சாடினார்கள். நகரவாசிகளுக்கோ கிராமத்து வறுமை கண்ணில் பட்டதே இல்லை. டக்வெல் தம் பழைய மாணவரான ஸ்ட்ரைக்கரை அழைத்து ‘வரலாற்றுப் பிரிவு’க்குத் தலைவராக்கினார். பெயரில்தான் வரலாறு, அந்தப் பிரிவு இயங்கியது தகவல் துறையின் கீழ். 1937இல் இந்த அமைப்பு பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறிய பிறகும் படமெடுக்கும் அந்தப் பிரிவின் வேலை மாறவில்லை.

ஸ்ட்ரைக்கர் வேலை வாங்கிய விதம் தனித்துக் கவனிக்கத்தக்கது. பருத்தி விளையும் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்ட ஒளிப்படக் கலைஞர் கார்ல் மைடன்ஸ், பருத்தியைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றபோது, பயணத்தைத் தள்ளிவைத்து அவரை உட்காரவைத்துப் பருத்தியின் பொருளாதாரத்தையும் சமூக வரலாற்றையும் இரவு வரை விளக்கினார். களத்துக்குப் போகிறவர்களுக்குப் படப்பிடிப்புக் குறிப்புகளும் அனுப்பினார். வெவ்வேறு வருமானமுள்ள குடும்பங்கள் மாலைப் பொழுதை எப்படிக் கழிக்கின்றன, வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்பவை போன்ற கேள்விகள் அவற்றில் இருக்கும். தமக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடும் வழக்கமும் அவருக்கு இருந்தது. வாக்கர் எவன்ஸ், பென் ஷான் போன்றவர்களின் படங்களும் இதற்குத் தப்பவில்லை. தேர்ந்த படங்கள் நாளிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தன.

இந்த முறையின் பலவீனம் 1936இல் ஒரு மண்டையோட்டின் வடிவில் வெளிப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் தெற்கு டகோட்டாவில், வெடித்துக் கிடந்த களர்நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் பிரிவின் ஒளிப்படக் கலைஞர் ஆர்தர் ராத்ஸ்டைன் படமெடுத்தார். அவருக்கு அப்போது 20 வயது. ஒளியும் நிழலும் எப்படி விழுகின்றன என்று பார்ப்பதற்காக மண்டையோட்டைச் சுமார் பத்தடி நகர்த்தி, புல் முளைத்த தரையிலும் வைத்து எடுத்திருந்தார். கோடை வறட்சி முற்றியபோது பத்திரிகைகள் அதை வறட்சியின் சின்னமாக வெளியிட்டன. ஆகஸ்டில், வறட்சிப் பகுதிகளைப் பார்வையிட ரூஸ்வெல்ட் ரயிலில் வந்த நேரத்தில், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகர நாளிதழ் அந்தப் படம் போலி என்று எழுதியது. களர்நிலம் எந்த ஆண்டிலும் அப்படித்தான் வெடித்துக் கிடக்கும் என்பது அதன் வாதம். தேர்தல் ஆண்டு என்பதால் எதிர்க்கட்சி ஏடுகள் விடுமா? ஒரே எலும்பு இடம் மாறி நிற்கும் படங்களைத் தேடிப்பிடித்து அரசின் மொத்த உழவர் நிவாரணத்தையும் கேலி செய்தன. வறட்சி உண்மை, கால்நடைகள் செத்ததும் உண்மை. ஆனாலும் கலைஞரின் பயிற்சிக்கு எடுத்த படம் ஓர் அரசுத் துறையின் பெயரில் சான்றாக அச்சேறியதும் அதன் மீதான விசாரணையே வேறாகிவிட்டது. நவம்பர் தேர்தலில் 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார் என்பதால் இந்தச் சர்ச்சை அடங்கியதே தவிர, தீரவில்லை.

அதே 1936இன் மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் பிரிவின் இன்னொரு கலைஞரான டோரதியா லாங்கே எடுத்த பட்டாணி பறிக்கும் தாயின் படத்தொடர் சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழில் வந்தவுடன், பட்டினி கிடந்த அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. பரப்புரைப் படத்துக்கு இவ்வளவு உடனடிப் பலன் கிடைப்பது அரிது. படத்தில் இருந்த குடும்பமோ அதற்குள் முகாமை விட்டுப் போயிருந்தது. பின்னாளில் லாங்கே நெகட்டிவின் ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரலை மங்கலாக்கினார். ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. மண்டையோடு கற்றுத்தந்த பாடம் அவருக்கு நன்றாகவே உறைத்திருந்தது என்று தோன்றுகிறது.

போர்க்காலத்தில், 1942இல், அவருடைய பிரிவு போர்த் தகவல் அலுவலகத்துக்குப் போனது. அதே ஆண்டு நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் செனட் விசாரணையில் சிக்கியது. செயற்கை ரப்பர் தொடர்பாக ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்துடன் அது செய்திருந்த காப்புரிமை ஒப்பந்தங்களை ஒட்டி, தேசத்துரோகம் என்ற சொல்லே அடிபட்டது. எல்மோ ரோப்பர் நடத்திய கருத்துக்கணிப்பு, ஸ்டாண்டர்ட் ஆயில் மீது மக்களுக்கு இருந்த அவநம்பிக்கையை எடுத்துக்காட்டியது. மக்கள் தொடர்பு ஆலோசகர் எர்ல் நியூசமின் வழியில் நிறுவனம் 1943இல் ஸ்ட்ரைக்கரை அமர்த்தியது. கார்டன் பார்க்ஸ், எஸ்தர் பப்லி, ரஸ்ஸல் லீ என்று அவருடைய பழைய ஆட்கள் பலரும் பின்னாலேயே வந்தார்கள்.

எல்லோருடைய வாழ்க்கையிலும் ஒரு துளி எண்ணெய் உண்டு என்பது ஸ்ட்ரைக்கரின் வாதம். ஆகவே எதையும் எடுக்கலாம். 1945இல் டெக்சஸின் டோம்பால் என்ற எண்ணெய் ஊரில் பப்லி வாரக்கணக்கில் தங்கி, அங்கே வாழ்ந்த மக்களின் அன்றாடத்தைப் படமாக்கினார். 1947இல் நெடுந்தொலைவுப் பேருந்துகளில் ஏறி, தூங்கி வழியும் பயணிகளை எடுத்தார். பேருந்து எண்ணெயில் ஓடுகிறது. அதற்கு மேல் நிறுவனத்துக்கும் அந்தப் படங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இரு கட்டங்களிலும் கலைநயம் ஒன்றுதான். ஆனால் எஜமானர் சட்டகத்தை விட்டு விலகியதன் பொருள் இரண்டிலும் ஒன்றல்ல. உழவரின் துயரத்தைக் காட்டினாலே நிவாரணத்துக்கான நியாயம் சொல்லியாயிற்று. அங்கே அரசு படத்தில் தோன்ற வேண்டிய தேவையே இல்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் மீது எழுந்த கேள்வியோ காப்புரிமை ஒப்பந்தம் பற்றியது. அதற்குக் கேமராவால் பதில் சொல்லவும் முடியாது. படங்கள் அந்தக் கேள்வியைத் தொடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பின. நேர்மையான படங்களைக் கொண்டே அதைச் செய்ய முடிந்தது என்பதைத்தான் இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அரசுக்காக எடுத்த சுமார் 1,75,000 நெகட்டிவ்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும், எண்ணெய் நிறுவனத்துக்காக எடுத்த ஏறத்தாழ 67,000 படங்கள் லூயிவில் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. 1950இல் நிறுவனத்தை விட்டு விலகிய ஸ்ட்ரைக்கர் பிட்ஸ்பர்க் நகரத்துக்காக ஓர் ஒளிப்படத் தொகுப்பை உருவாக்கப் போனார். அதன்பின் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் எஃகு நிறுவனமும் அவரை அதே வேலைக்கு அழைத்துக்கொண்டது.